விசிட்டிங் கார்டில் நிறம்: முதலில் எண் தெரியட்டும்

உங்கள் கைப்பையிலோ மேசை இழுப்பறையிலோ பிறர் கொடுத்த விசிட்டிங் கார்டுகள் நாலைந்தாவது கட்டாயம் இருக்கும். அவற்றை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். ஒவ்வொன்றாகக் கையை முழுசாக நீட்டிப் பிடித்து, அதிலுள்ள கைப்பேசி எண்ணைப் படித்துப் பாருங்கள். பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் படிக்க முடிந்தவை எத்தனை? கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தவை எத்தனை?

அந்த இரண்டாவது வகை அட்டைகளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். சிலவற்றில் எழுத்தே சிறிசாக இருக்கும். மற்றவற்றில் எழுத்து போதுமான அளவில்தான் இருக்கும். எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும்தான் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும்.

சொந்தமாகத் தொழில் தொடங்கியிருப்பவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், சேவை மையத்தோடு சேர்த்து டிடிபி வேலையும் பார்ப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட பாடம் இது. கோரல் டிராவோ போட்டோஷாப்போ தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டிசைன் செய்து தருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

ஆயிரம் அட்டையும் ஒரு பால்பாயின்ட் பேனாவும்

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

டிடிபி வேலைக்கு வந்த புதிது. பிளவுஸ் தைத்து ஆரி வேலையும் செய்கிற அக்கா ஒருவர் அட்டை போட வந்தார். "தம்பி, பட்டுப்புடவை மாதிரி இருக்கணும்" என்றார். அரக்குச் சிவப்புப் பின்னணி வைத்து, கடையின் பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் பொன்னிறத்தில் போட்டேன். கணினித் திரையில் ஜரிகை மாதிரி ஜொலித்தது. அக்காவுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆயிரம் அட்டை அடிக்கக் கொடுத்தோம்.

அட்டை வந்தது. பொன்னிறம் கடுகை அரைத்துப் பூசினாற்போல மங்கிப்போயிருந்தது. 'தையல்' என்ற சொல்லில் புள்ளி மூடிக்கொண்டு 'தையல' என்று நின்றது. எண்ணில் 3 எது, 8 எது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு வாரம் கழித்து அக்கா வந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் எண்ணைத் தப்பாகப் படித்து வேறு யாருக்கோ போன் போட்டுவிட்டு, கடையை மூடிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டதைச் சொன்னார். கோபப்படவில்லை. "பரவாயில்ல தம்பி, பின்னாடி வெள்ளையாத்தானே இருக்கு, நானே எழுதிக் கொடுத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் நீலப் பேனாவால் தன் எண்ணை எழுதித்தான் கொடுத்தார்.

நான் நாலு நிற மையில் செய்ய முடியாததை, வெள்ளைத் தாளில் ஒரு நீலப் பேனா செய்துவிட்டது. இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். அட்டையில் நிறத்துக்கு மூன்று வேலை உண்டு. எண்ணைப் படிக்க வைப்பது முதல் வேலை. பிறகு பார்க்கும்போது 'இது இன்னார் அட்டை' என்று நினைவுபடுத்துவது இரண்டாவது. அழகு மூன்றாவது. நான் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தேன்.

திரை வேறு, தாள் வேறு

கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து எல்லா நிறத்தையும் உண்டாக்குகிறது. அச்சில் ஒளி கிடையாது, மைதான். சயான் எனும் நீலம், மெஜென்டா எனும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நாலு மைகளைச் சிறுசிறு புள்ளிகளாக அடுத்தடுத்து வைத்து நிறம் கிடைக்கச் செய்கிறார்கள். முதல் முறைக்கு ஆர்ஜிபி என்றும், இரண்டாவதுக்கு சிஎம்ஒய்கே என்றும் பெயர்.

திரையில் தெரிகிற எல்லா நிறமும் மையில் வராது. கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, மின்னும் நீலம், பளீரென்ற ஆரஞ்சு ஆகியவை அச்சில் ஒரு படி மங்கும். பொன்னிறமும் வெள்ளி நிறமும் இந்த நாலு மையில் வரவே வராது. பொன் மினுமினுப்பு வேண்டுமென்றால் கோல்ட் ஃபாயில் ஒட்ட வேண்டும் அல்லது அதற்கென உள்ள உலோக மையில் தனியாக அடிக்க வேண்டும். அதற்குச் செலவு கூடும். சாதாரண மல்டிகலரில் 'கோல்ட்' என்று வருவது மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு நிறம், அவ்வளவே.

அதனால் வேலையைத் தொடங்கும்போதே கோப்பை சிஎம்ஒய்கே முறையில் திறந்துகொள்ளுங்கள். முடித்த பிறகு மாற்றினால், ஆசையாகத் தேர்ந்தெடுத்த நிறம் கண்ணெதிரே மங்குவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. சிவகாசி போன்ற ஊர்களில் அடிக்கும்போது, பலருடைய அட்டைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஆப்செட்டில் ஓட்டுவது வழக்கம். ஆயிரம் அட்டை குறைந்த விலையில் கிடைப்பது அதனால்தான். ஆனால் உங்கள் அட்டையின் நிறத்துக்காக மட்டும் மையைக் கூட்டவோ குறைக்கவோ அங்கே முடியாது. போன தடவை அடித்த அடர்நீலம் இந்தத் தடவை இம்மியளவு ஊதாப் பக்கம் சாயலாம். அப்படிச் சாய்ந்தாலும் கெட்டுப்போகாத நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெளிர்சாம்பல், சந்தனம், பழுப்பு போன்ற நுணுக்கமான கலவைகளில் மாற்றம் சட்டென்று தெரியும்.

எண் தெரிகிறதா? ஒரு கணக்கு

எழுத்தும் பின்னணியும் எவ்வளவு வேறுபட்டுத் தெரிகின்றன என்பதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. வலைத்தளங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்காக உருவான உலகத்தர விதிகளில் அது வருகிறது; நம் நாட்டு அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டுதலும் அந்த விதிகளைத்தான் பின்பற்றுகிறது. இரண்டு நிறங்களும் ஒன்றேயானால் மதிப்பு 1. வெள்ளையும் கறுப்புமானால் 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். திரைக்கான கணக்குதான் என்றாலும் அட்டைக்கும் நல்ல வழிகாட்டி. சில சேர்க்கைகளைப் பாருங்கள்:

வெள்ளையில் கறுப்பு: 21
கறுப்பில் மஞ்சள்: 19.6
வெள்ளையில் அடர்நீலம்: சுமார் 16
வெள்ளையில் அரக்குச் சிவப்பு: சுமார் 11
வெள்ளையில் பளிச் சிவப்பு: 4
வெள்ளையில் ஆரஞ்சு: சுமார் 2
பச்சையில் சிவப்பு: சுமார் 1.3
வெள்ளையில் மஞ்சள்: சுமார் 1.1

இதில் மஞ்சளைக் கவனியுங்கள். வெள்ளையில் அது கடைசி இடம். கறுப்போடு சேர்ந்தால் முன்வரிசை. நல்ல நிறம், கெட்ட நிறம் என்று தனியாக எதுவும் கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறது என்பதுதான் கேள்வி. சாலையில் போகும் வண்டிகளைப் பாருங்கள். சொந்த வண்டியின் நம்பர் பிளேட் வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டியில் மஞ்சளில் கறுப்பு. ஓடுகிற வண்டியின் எண்ணைத் தூரத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதற்காக அமைத்த சேர்க்கைகள் அவை. உங்கள் அட்டையில் இருப்பதும் ஓர் எண்தானே!

கணக்குப் போட நேரமில்லையா? அட்டையின் மாதிரியைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். ஜெராக்ஸில் எண் தெளிவாகத் தெரிந்தால் நிறச் சேர்க்கை தேறிவிட்டது. சாம்பலுக்குள் சாம்பலாக மறைந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு சிலருக்கு உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் அது அதிகம். வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சள் பூத்து, மெல்லிய நிற வேறுபாடுகள் கண்ணுக்குப் பிடிபடாமல் போகும். ஜெராக்ஸில் தேறிய அட்டை இவர்களிடமும் தேறும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லப்பட்ட விதிகளை அப்படியே தமிழுக்குப் பொருத்தினால் இடிக்கும். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. அடர்ந்த பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விடும்போது, சுற்றியுள்ள மை சற்றுப் பரவி அந்த வெள்ளைக் கோட்டையே மெலிதாக்கிவிடும். 'ண' எது 'ன' எது என்று தெரியாது.

அதைவிட ஆபத்து புள்ளிக்கு. மெய்யெழுத்தின் புள்ளி அட்டையில் குண்டூசி முனை அளவுதான். பின்னணி மை பரவினால் முதலில் காணாமல் போவது அதுதான். 'பட்டு' என்பது 'படடு' ஆகும். உங்கள் பெயரில் மெய்யெழுத்து இருந்தால் பெயரே மாறிப்போகும்.

அடர்ந்த பின்னணி கட்டாயம் வேண்டும் என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். கடைப் பெயரைப் போன்ற பெரிய எழுத்தை மட்டும் அதில் வையுங்கள். தடித்த எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். எழுத்தை வெள்ளையாகவே விடுங்கள். இளமஞ்சள், இளம்பச்சை என்று சாயம் ஏற்றாதீர்கள். சாயம் ஏற்றினால் எழுத்துக்குள்ளும் மைப்புள்ளி விழும், ஓரம் பிசிறடிக்கும்.

முகவரி, எண் போன்ற சிறு எழுத்துகளை ஒரே ஒரு மையில் அடிப்பது நல்லது. கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் 0 என்று வைத்தால் போதும். நாலு மையும் கலந்த 'கனமான கறுப்பு' திரையில் அழகாக இருக்கும். அச்சில் நாலு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினால் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் கட்டும். அக்காவின் அட்டையில் 3-ஐயும் 8-ஐயும் குழப்பியது இதுபோன்ற விலகலும் மைப்பரவலும்தான்.

எத்தனை நிறம் போதும்?

தாளின் வெள்ளையைச் சேர்க்காமல் இரண்டு. மிஞ்சினால் மூன்று.

60, 30, 10 என்று ஒரு பழைய பங்கீடு உண்டு. அட்டையில் 60 பங்கு அடிப்படை நிறம், 30 பங்கு துணை நிறம், 10 பங்கு கண்ணை இழுக்கும் நிறம். நம்மூரில் பரவலாகப் புழங்கும் அட்டை 90 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் உயரம். இதில் பத்துப் பங்கு என்றால் என்ன? அட்டையின் நீளம் முழுக்க ஓடும், ஐந்தரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு மெல்லிய பட்டை. புடவைக்குக் கரை மாதிரி. உடல் முழுக்கக் கரையாகவே இருந்தால் அது கரையா?

புதிதாகச் செய்பவர்கள் தாளின் வெள்ளையையே 60 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். அது கூடுதல் செலவில்லாத நிறம். ஒரு தடவைக்கு ஒரு தடவை மாறாது. அதன்மேல் எதுவும் தெரியும். துணை நிறமாக ஓர் அடர்நிறம். பெயருக்கும் எண்ணுக்கும் அதையே பயன்படுத்தலாம். கண்ணை இழுக்கும் நிறத்தை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள். அந்த இடம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் கண் நேராக அங்கே போகும்.

பணம் செலுத்தும் கியூஆர் குறியீட்டையும் அட்டையில் அச்சிடுகிறீர்களா? வெள்ளையில் கறுப்பாகவே இருக்கட்டும். சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். பின்னணியை அடர்த்தியாக்கிக் குறியீட்டை வெள்ளையாகத் தலைகீழாக்கினால் சில கைப்பேசிகள் படிக்காமல் அடம்பிடிக்கும்.

நம் ஊரில் நிறம் சொல்லும் சேதி

நீலம் என்றால் நம்பிக்கை, சிவப்பு என்றால் வேகம் என்று பட்டியல் போடுவார்கள். அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில், உங்கள் வாடிக்கையாளர் அந்த நிறத்தை எங்கெல்லாம் பார்த்திருக்கிறார் என்று யோசியுங்கள். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிற வழக்கம் உள்ள ஊர் நமது. சமையல் காண்ட்ராக்ட், பந்தல், பூ அலங்காரம் செய்பவர்களுக்கு மஞ்சளும் குங்குமச் சிவப்பும் இயல்பாகப் பொருந்தும். அவர்களுடைய அட்டையில் சுற்றிலும் கறுப்புக் கரை கட்டினால், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிதான் ஞாபகம் வரும். அதே கறுப்பு ஒரு புகைப்படக்காரரின் அட்டையில் எடுப்பாக இருக்கும்.

சில நிறங்களைப் பக்கம்பக்கமாக வைத்தால் ஏதாவது ஒரு கட்சிக் கொடி மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு அந்த எண்ணமே இருக்காது, பார்ப்பவருக்கு வரும். அடிக்கக் கொடுக்கும் முன் வீட்டில் இரண்டு பேரிடம் காட்டி, "இதைப் பார்த்தா என்ன தோணுது?" என்று கேட்டுவிடுங்கள்.

உணவுத் தொழிலில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்பது சைவ உணவுப் பொட்டலங்களுக்கான குறி. அது மக்கள் மனதில் பதிந்துவிட்டது. பிரியாணிக் கடை அட்டை முழுக்கப் பச்சையாக இருந்தால் சிலர் சைவக் கடை என்று நினைக்க வாய்ப்பு உண்டு.

சட்டம் தடுக்கும் சில

இதைப் பலரும் தெரியாமலே மீறுகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை வடிவம் மருத்துவத்துக்கான பொதுக் குறி அல்ல. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் காக்கும் பணிக்கு உரிய பாதுகாப்புச் சின்னம் அது. 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. மருந்துக் கடை, கிளினிக், ஆம்புலன்ஸ் அட்டைகளில் ஸ்டெதஸ்கோப் படம் போன்ற வேறொரு குறியை வையுங்கள்.

நான்கு சிங்க முத்திரையும் அப்படித்தான். 2005-ஆம் ஆண்டின் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் அனுமதி பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். தேசியக் கொடியையும் மாநில அரசின் முத்திரையையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சேவை மையம் நடத்துபவர்கள் 'அரசு அட்டை மாதிரி கெத்தா இருக்கும்' என்று முத்திரையைச் சேர்த்துவிடாதீர்கள். அச்சடிக்கக் கேட்டு வருபவரிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்

1. கோப்பு சிஎம்ஒய்கே முறையில் இருக்கிறதா? படங்கள் 300 டிபிஐ தெளிவில் உள்ளனவா?

2. பின்னணி நிறம் அட்டையின் ஓரம்வரை போகிறதா? அப்படியானால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டுங்கள். 90-க்கு 54 அட்டைக்குக் கோப்பு 96-க்கு 60 இருக்கும். இல்லாவிட்டால் கட்டிங்கில் ஓரம் வெள்ளையாகத் தெரியும்.

3. எழுத்துகளை கர்வ்ஸாக மாற்றிவிட்டீர்களா? அச்சகத்தில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எழுத்து உடைந்து வரும். மாற்றிய பிறகு ஒருமுறை புள்ளிகளை எண்ணிச் சரிபாருங்கள்.

4. ஓரிடத்தில் விழும் நாலு மையின் கூட்டுத்தொகை 300-ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் மை காயத் தாமதமாகும். மேலே அடுக்கும் அட்டையின் முதுகில் ஒட்டும்.

5. கிளாஸ் லேமினேஷன் நிறத்தைத் தூக்கிக் காட்டும், ஆனால் விளக்கொளியில் பளபளத்து எண்ணை மறைக்கும். மேட் லேமினேஷன் நிறத்தைச் சற்று அடக்கும், படிக்க வசதி. எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

6. ஆயிரம் அடிக்கும் முன் டிஜிட்டல் பிரிண்டில் ஒரே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். ஆப்செட்டில் நிறம் கொஞ்சம் மாறும்தான். ஆனால் எண் தெரியுமா, புள்ளி நிற்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆயிரம் அட்டையைத் தூக்கிப் போடுவதைவிட ஒரு தாளின் செலவு ரொம்பக் குறைவு.

அக்காவின் அட்டை, மறுபடியும்

பழைய அட்டை தீர்ந்ததும் அக்கா மறுபடி என்னிடமே வந்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயம். அரக்குச் சிவப்பை விட அவருக்கு மனமில்லை, விடவும் வேண்டியதில்லை. இந்தத் தடவை அதை இடப்பக்கம் ஒரு புடவைக்கரை போல நெட்டுக்குத்தாக வைத்தோம். மீதி இடமெல்லாம் வெள்ளை. கடைப் பெயர் அரக்குச் சிவப்பில், பெரிதாக. எண் தனி வரியில், கறுப்பு மை மட்டும், தடித்த எழுத்தில், ஐந்தைந்து இலக்கமாகப் பிரித்து. பொன்னிறத்துக்குப் பதில் எண்ணுக்கு அடியில் மஞ்சளில் ஒரே ஒரு கோடு. பின்பக்கம் லேமினேஷன் இல்லாத வெள்ளை. 'கொடுத்த தேதி, வாங்கும் தேதி' என்று இரண்டு வரி மட்டும். பேனாவுக்கு இப்போதும் வேலை இருந்தது, ஆனால் எண்ணை எழுத அல்ல.

ஜெராக்ஸ் எடுத்துக் காட்டினேன். அக்கா கண்ணாடி போடாமலே எண்ணைப் படித்தார்.

உங்களுக்கான பயிற்சி: ஆரம்பத்தில் தனியாக எடுத்து வைத்தீர்களே, படிக்கச் சிரமமான அட்டைகள், அவற்றில் ஒன்றை எடுங்கள். அதே சொற்கள், அதே எழுத்து அளவு, அதே இரண்டு நிறங்கள். நிறங்களின் இடத்தை மட்டும் மாற்றி, கையை நீட்டிப் பிடித்தாலும் எண் தெரியும்படி வரைந்து பாருங்கள். தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். முடித்ததும் வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் எண்ணைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டால், உங்கள் சொந்த அட்டைக்கு நீங்கள் தயார்.